கொற்கையில் தொடங்குங்கள்: திருநெல்வேலிச் சீமையின் கடற்கரையைப் பார்க்க ஒரு வழி

உங்கள் கேள்வியின் சாரம் இது: திருநெல்வேலியில் தங்கல், மூன்று நாள், சொந்தக் கார், உடன் அறுபதைத் தாண்டிய பெற்றோரும் கல்லூரியில் வரலாறு படிக்கும் மகளும். திருச்செந்தூர், மணப்பாடு, உவரி மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டு, மிச்சமுள்ள இரண்டு நாட்களையும் கன்னியாகுமரிக்கு ஒதுக்கலாமா? பழைய சின்னங்களும் வேண்டும், கடலும் வேண்டும்.

முடிக்கலாம். திருச்செந்தூரிலிருந்து மணப்பாட்டுக்கு ஏறத்தாழ பதினெட்டு கிலோமீட்டர்தான். காலையில் முருகன், மதியம் சிலுவைக் கோவில், மாலையில் உவரி அந்தோணியார் என்று பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திருநெல்வேலி திரும்பிவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். கேட்டால் மூன்று கோவிலும் கொஞ்சம் கடலும் பார்த்ததாகச் சொல்வார்கள். வரலாறு படிக்கும் பெண்ணை அழைத்துக்கொண்டு அப்படிப் போவது வீண். என் யோசனை: முதல் நாளில் மாலை வரை கடலின் பக்கமே போகாதீர்கள். கடல் விட்டுப்போன இடத்திலிருந்து தொடங்குங்கள்.

காரணம் இருக்கிறது. இந்தச் சீமையின் கரை ஒரே இடத்தில் நின்றதில்லை. வடபகுதியில் தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைக் கிழக்கே தள்ளியது. தென்பகுதியில் காற்று மணலை அள்ளி ஊர்களின் மேல் போட்டது. துறைமுகங்களும் வணிகமும் மதமும் அந்த வண்டலுக்கும் மணலுக்கும் வழிவிட்டு இடம் மாறிக்கொண்டே இருந்தன. இதைப் பிடித்துக்கொண்டால் கொற்கை முதல் கூட்டப்புளி வரை எல்லாம் ஒரே கதையாகத் தெரியும். இல்லாவிட்டால் சுற்றுலாத் துண்டறிக்கையாகத்தான் தெரியும். இன்னொன்று: 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்ததால் நீங்கள் பார்க்கப்போகும் இடங்களில் பாதிக்குமேல் இன்று அந்த மாவட்டத்தில் இருக்கின்றன. நான் திருநெல்வேலிச் சீமை என்று சொல்வது பழைய, பெரிய எல்லையை.

முதல் நாள் பாளையங்கோட்டை வழியாகத் திருச்செந்தூர் சாலையில் இறங்குங்கள். பதின்மூன்று கிலோமீட்டர் தூரத்திலேயே கிருஷ்ணாபுரம் வந்துவிடும். சாலையோரத்தில் இருக்கும் வெங்கடாசலபதி கோவில். நாயக்கர் காலத்துக் கட்டுமானம். வெளியிலிருந்து பார்த்தால் சிறிய கோவிலாகத் தெரிவதால் பலர் வண்டியை நிறுத்துவதில்லை. வீரப்ப நாயக்கர் மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய ஆளுயரச் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் குறவனின் முன் சற்று நேரம் நில்லுங்கள். விலா எலும்பும் நரம்பும் புடைத்துத் தெரியும். கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது உண்மைதான். ஆனால் இதைத் தாண்டிப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது.

அடுத்து ஆதிச்சநல்லூர். சாலையின் இரு பக்கமும் விரிந்திருக்கும் சரளை மேடு, அவ்வளவுதான். தெரியாதவர்கள் வெறும் பொட்டல் என்று கடந்துவிடுவார்கள். 114 ஏக்கர் பரப்புள்ள இடுகாடு இது. 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு 1899 முதல் அலெக்சாண்டர் ரீ முறையாக அகழ்ந்தார். பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பகுதி இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்போது இங்கேயே குழிகளின் மேல் கண்ணாடி அமைத்து, தாழிகளைக் கிடந்த நிலையிலேயே காட்டுகிறார்கள். பொருளை எடுத்து அலமாரியில் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆற்றோரம் வயலுக்கு ஆகாத மேட்டுநிலத்தைச் செத்தவர்களுக்கு விட்டுவிட்டு, நஞ்சையை உயிரோடு இருந்தவர்கள் வைத்துக்கொண்ட கணக்கு அந்த மேட்டில் ஏறி நின்று பார்த்தால் புரியும். கூரையில்லாத இடம் என்பதால் வெயிலுக்கு முன் போய்விடுங்கள்.

ஸ்ரீவைகுண்டமும் ஆழ்வார்திருநகரியும் வழியில் வரும். நவதிருப்பதியில் உங்கள் பெற்றோருக்கு ஈடுபாடு இருந்தால் அதற்கே ஒரு நாள் வேண்டும், இந்தப் பயணத்தில் கலக்காதீர்கள். நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் புளியமரத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஏரல் வழியாகக் கொற்கைக்கு வண்டியைத் திருப்புங்கள்.

கொற்கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. வாழைத் தோட்டம், வயல், ஒரு பெரிய குளம், குளத்தில் வெற்றிவேல் செழிய நங்கை அம்மன் கோவில், ஈராயிரம் ஆண்டுப் பழமை என்று ஊரார் சொல்லும் ஒரு வன்னிமரம். கடல் இங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. ஆனால் சங்கப் பாடல்களில் முத்துக்குப் பெயர்போன பாண்டியர் துறைமுகம் இதுதான். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடலோடி ஒருவரின் குறிப்பு, தண்டனை பெற்ற கைதிகளை வைத்து இங்கே முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. முத்தின் வெண்மையைப் பாடிய புலவர்கள் அதை எடுத்துவந்தவர்களின் மூச்சைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. அருகில் அக்கசாலை ஈசுவரமுடையார் என்று ஒரு சிறு சிவன்கோவில் இருக்கிறது. அக்கசாலை என்றால் பொற்கொல்லர் பணியிடம், நாணயம் அடிக்கும் இடம். கோவலன் கொலைக்குப் பழியாகக் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்ற சிலப்பதிகாரச் செய்தியை உங்கள் மகள் படித்திருப்பாள். அந்தக் கோவிலின் வாசலில் நின்று அதை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆறு கொற்கையைத் தூர்த்ததும் வணிகம் கிழக்கே நகர்ந்து காயலுக்கு வந்தது. இன்றைய பழையகாயல் அது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஏடனிலிருந்தும் ஓர்முசிலிருந்தும் குதிரைகளை ஏற்றிக்கொண்டு மரக்கலங்கள் வந்து நிற்பதை எழுதிவைத்தார். வாங்கிய குதிரைகளைப் பராமரிக்கத் தெரியாமல் சாகவிட்டு, மறு ஆண்டும் வாங்குகிறார்கள் என்று கேலியும் செய்தார். காயலையும் ஆறு விடவில்லை. இன்று அந்த ஊரும் உள்நாட்டு ஊர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரியார் கால்டுவெல் அங்கே மண்ணைக் கிளறியபோது சீனப் பீங்கான் துண்டுகளும் அரபு மட்பாண்டத் துண்டுகளும் கையில் அகப்பட்டன.

போர்ச்சுக்கீசியர் வந்த காலத்தில் துறை இன்னும் கிழக்கே, ஆற்றின் வாயிலுக்கே போய்விட்டது. அதுதான் புன்னைக்காயல். தமிழில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. அதைத் தமிழில் ஆக்கிய அண்டிரிக் அடிகளார் பல காலம் இருந்து பணி செய்தது இந்தப் புன்னைக்காயலில். கடைசியில் பெரிய கப்பல்களெல்லாம் ஆற்றின் தொல்லையே இல்லாத தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தன. கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் மூன்றையும் ஒரே மதியத்தில், இதே வரிசையில் பாருங்கள். ஈராயிரம் ஆண்டுகளை ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் கடந்துவிடுவீர்கள். வழியில் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள் வரும். உங்கள் தந்தை வெற்றிலை போடுபவராக இருந்தால் அங்கேயே ஒரு கவுளி வாங்கிக்கொள்ளட்டும். புன்னைக்காயலில் ஆறு கடலில் சேரும் இடத்தை மாலையில் பார்ப்பது நல்லது. படகுகள் நிற்கும் துறை அது, சுற்றுலா இடம் இல்லை. வலை உலர்த்துபவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

காயல்பட்டினத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதை ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையில் மட்டும் பார்க்கிறார்கள். அரபு வணிகத்தோடு வளர்ந்த முஸ்லிம் ஊர் அது. பழைய பள்ளிவாசல்களின் கல்தூண் மண்டபங்கள் தச்சுமுறையில் நம் கோவில் மண்டபங்களுக்கு உறவு. உருவச் சிற்பம் இராது, பூவும் கொடியும்தான். தொழுகை இல்லாத வேளையில் அனுமதி கேட்டுப் பாருங்கள். வீடுகளுக்கு நடுவே பெண்கள் புழங்குவதற்கென்று விட்ட முடுக்குகளில் ஆண்கள் நுழையக்கூடாது என்பதை நினைவில் வையுங்கள். தம்மடை என்ற இனிப்பு கிடைத்தால் விடாதீர்கள். 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது இந்த ஊரில்தான். அப்போதுதான் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்ற செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துப் போனதால் நூற்றுக்கணக்கான பயணிகளோடு அகப்பட்டுக்கொண்டது. ஆற்றின் பழைய வேலை முடிந்துபோனதாக யாரும் எண்ணவேண்டாம்.

அன்று இரவு திருநெல்வேலிக்குத் திரும்பாமல் திருச்செந்தூரிலேயே தங்குவது உத்தமம். பெற்றோருக்கு அலைச்சல் மிச்சம். மறுநாள் விடியற்காலையில் கோவிலுக்கு நடந்தே போகலாம்.

திருச்செந்தூரைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்கள் பெற்றோருக்கே தெரிந்திருக்கும். சிலவற்றை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். ஒன்பது நிலை ராஜகோபுரம் மேற்கே இருக்கிறது, சுவாமியோ கிழக்கே கடலைப் பார்க்கிறார். மேற்கு வாசல் வழக்கமாக அடைத்தே இருக்கும். பழைய கோவில் மணற்பாறையில் கட்டியது. உப்புக்காற்றில் அரித்துப்போனதை மௌன சுவாமி, காசி சுவாமி, ஆறுமுக சுவாமி என்ற துறவிகள் ஊர் ஊராகத் திரட்டிய பொருளில் மீண்டும் எடுத்துக் கட்டினார்கள். அந்தப் பழைய பாறை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் வடபுறம் வள்ளி குகைக்குப் போங்கள். மணல் அடுக்கு அடுக்காகக் கல்லாகிப்போன குன்று அது. அடுக்குகளைக் கண்ணால் எண்ணலாம். 1640-களில் டச்சுக்காரர்கள் இந்தக் கோவிலைக் கைப்பற்றிக் கோட்டையாக வைத்திருந்து, போகும்போது சுவாமி சிலையையும் எடுத்துப் போனார்கள். கடலில் விடப்பட்ட சிலையை வடமலையப்ப பிள்ளை மீட்டுவந்தது எலுமிச்சம்பழம் மிதந்த இடத்தில், மேலே கருடன் வட்டமிட்ட இடத்தில் என்பது ஊர் நம்பிக்கை.

நாழிக் கிணறு பலருக்கு வியப்பு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், ஓர் அடிச் சதுரக் குழியில் எப்படி நல்ல தண்ணீர் ஊறுகிறது? மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. அது உப்புநீரின் மேல் தனி அடுக்காக நிற்கிறது. ஆழமில்லாத ஊற்று அந்த மேலடுக்கை மட்டும் தொடுகிறது. இந்தக் கரை முழுவதும் இதுதான் நடப்பு. மணப்பாட்டுக் குகையிலும் தேரிச் சுனையிலும் மறுபடி பார்ப்பீர்கள். அமாவாசை, பௌர்ணமி தோறும் ‘திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது’ என்று செய்தி வரும். அது ஓதம் வடிவதுதான், பதற வேண்டாம். கவலைப்பட வேண்டியது வேறு. சில ஆண்டுகளாகக் கோவில் முன் கரையை அலை அரித்துக்கொண்டிருக்கிறது, நீருக்குள் பாறைகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. நீராடுபவர்கள் காலில் அடிபட்டுக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. பெரியவர்களை முழங்கால் தண்ணீரோடு நிறுத்துங்கள்.

குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மனைக் கும்பிட அரைமணி நேரம் போதும், புரட்டாசி தசராவாக இல்லாவிட்டால். தசரா என்றால் காளி வேடமும் குறவன் வேடமும் போலீஸ் வேடமுமாக லட்சக்கணக்கானவர்கள் ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டு வந்து சேர்வார்கள். பார்க்க வேண்டிய காட்சி, ஆனால் முதியவர்களோடு பார்க்கக்கூடிய காட்சி இல்லை. இந்த ஊர் உப்பளத்தில்தான் 1942 செப்டம்பரில் புகுந்த இளைஞர்கள் லோன் என்ற வெள்ளை அதிகாரியைக் கொன்றார்கள். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்கு விதிக்கப்பட்டுப் பின்னால் குறைந்தது. இப்போது குலசையின் பெயர் வேறு காரணத்துக்காக அடிபடுகிறது. சிறிய ராக்கெட்டுகளுக்கான இஸ்ரோ ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் குறுக்கே இலங்கை வரும். வளைந்து போக எரிபொருள் வீணாகும். இங்கிருந்து நேர் தெற்கே திறந்த கடல். பாண்டியனின் கப்பலுக்குத் தோதாக இருந்த கரை ராக்கெட்டுக்கும் தோதாகிவிட்டது. உள்ளே போய்ப் பார்க்க முடியாது. விசாரித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

மணப்பாட்டுக்கு நேரத்தைத் தாராளமாக வையுங்கள். கடலுக்குள் மூக்கை நீட்டிய மணற்பாறைக் குன்று, அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோவில், பக்கத்தில் கலங்கரை விளக்கம், கீழே கருமேனியாறு வந்து தேங்கும் கழிமுகம். 1540-இல் புயலில் பாய்மரம் முறிந்து கரையொதுங்கிய போர்ச்சுக்கீசியக் கப்பல் தலைவன், அந்தப் பாய்மரத்திலிருந்தே சிலுவை செய்து குன்றில் நட்டான் என்பது ஊரின் கதை. கோவில் எழுந்தது 1581-இல். 1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை, குன்றின் கடல் பக்கச் சரிவில் இருக்கிறது. அதற்குள் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறும் உண்டு. குகைக்கு இறங்கும் வழியில் அலைச் சாரல் தெறிக்கும், படிகள் வழுக்கும். உங்கள் அம்மா மேலேயே அமர்ந்து காற்று வாங்கட்டும்.

ஊருக்குள் நடக்காமல் வந்துவிடாதீர்கள். கடல் வணிகத்தில் பணம் பார்த்த குடும்பங்கள் கட்டிய உயரமான வீடுகள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. பல வீடுகள் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் தூத்துக்குடியிலும் சென்னையிலும் அதற்கு அப்பாலும் இருக்கிறார்கள். செப்டம்பர் 14 மகிமைப் பெருவிழாவுக்குத்தான் சன்னல்கள் திறக்கும். பெண்கள் கூட்டுறவாக நடத்தும் ஓலைக் கைவினைப் பொருட்கள் இங்கே நன்றாக இருக்கும். பிளாஸ்டிக் பூ வைக்காத ஒரு பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். மாலை வெயில் சாயும்போது குன்றின் மேற்குப் பக்கம் வந்து நில்லுங்கள்: கரை அரைவட்டமாக வளைந்து பெரியதாழைப் பக்கம் போவது முழுதாகத் தெரியும். கிழக்குக் கரையில் கடலின் மேல் சூரியன் மறையும் கோணம் கிடைக்கும் இடங்கள் சொற்பம். அலை சறுக்கு விளையாட்டுக்காரர்களும் இந்த வளைவைத் தேடித்தான் வருகிறார்கள்.

மூன்றாம் நாள் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு உள்ளே போங்கள். தேரியைப் பார்க்காமல் இந்தக் கரையைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது. உடன்குடிக்கும் சாத்தான்குளத்துக்கும் திசையன்விளைக்கும் இடையே ரத்தச் சிவப்பில் மணல்மேடுகள் கிடக்கின்றன. குதிரைமொழித் தேரி அவற்றில் பெரியது. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளிகளின் வழியாக வந்து ஆனி, ஆடியில் இந்தச் சமவெளியை வாரி இறைக்கும். அந்தக் காற்று பல்லாயிரம் ஆண்டுகளாகக் குவித்த மணல் இது. மணிகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் நிறம். கையில் அள்ளித் தேய்த்தால் உள்ளங்கையில் செம்பூச்சு ஒட்டிக்கொள்ளும். துணியில் பட்டால் அவ்வளவு சுலபமாகப் போகாது. வெள்ளை வேட்டியோடு போகாதீர்கள். பனையும் முந்திரியும் உடைமரமும் வேரால் பிடித்து வைத்திருப்பதால் மேடுகள் முன்போல நகர்வதில்லை.

அந்தச் சிவப்புக்கு நடுவே சுனையும் சோலையுமாக அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் இருக்கிறது. தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார். கார்த்திகை முடிவில் நடக்கும் ‘கள்ளர் வெட்டு’ திருவிழாவில் இளநீர் வெட்டிச் சிந்திய மண்ணை வீட்டுக்கும் வயலுக்கும் அள்ளிப் போக ஆயிரக்கணக்கானவர்கள் கூடுவார்கள். மணலே பிரசாதமாக இருக்கும் கோவில் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தேரிக்குள் காரை இறக்கினால் சக்கரம் புதையும். தார்ச்சாலையை விட்டு விலகாதீர்கள்.

மாசி, பங்குனியிலிருந்து ஆடி வரை வந்தால் உடன்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலி ஏதாவது ஒன்றில் நின்று கருப்பட்டி காய்ச்சுவதைப் பாருங்கள். பனையேறி விடியுமுன் ஏறிப் பாளையை மெல்லிசாகச் சீவிவிட்டு, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் வடிவது புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரை வடிகட்டி, அகன்ற சட்டியில் ஊற்றி, காய்ந்த ஓலையும் முள்ளும் எரித்து மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். பொங்கி வழியப் போகும் நேரத்தில் இடித்த ஆமணக்கு விதையை ஒரு சிட்டிகை போட்டால் நுரை அடங்கிவிடும். பாகை ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்டிப் பார்த்துப் பதம் சொல்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும், கடிகாரத்துக்குத் தெரியாது. பிறகு சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அந்தப் பெயரில் சீனி கலந்த சரக்கும் கூடவே பெருகியிருக்கிறது. உடைத்துப் பாருங்கள். உள்ளே பளபளவென்று மின்னினால் வைத்துவிட்டு வாருங்கள். விலை மலிவாக இருந்தால் உடைத்துப் பார்க்கவே வேண்டாம்.

அங்கிருந்து உவரி. சுயம்புலிங்க சுவாமி கோவிலில் வேண்டுதல்காரர்கள் ஓலைப்பெட்டியில் கடல் மணலைத் தலையில் சுமந்து வந்து கொட்டுவதைப் பார்க்கலாம். சிறிது தூரத்தில் அந்தோணியார் கோவிலும், கப்பல் வடிவத்தில் மேலே ஆகாய விமானமும் வைத்துக் கட்டிய கப்பல் மாதா கோவிலும் இருக்கின்றன. கட்டடக் கலை என்று பார்த்தால் எனக்கு அது பிடித்ததில்லை; குழந்தைகளுக்குப் பிடிக்கும். இந்தப் பக்கக் கடற்கரையில் குனிந்து மணலைப் பாருங்கள். அலை பின்வாங்கும்போது கருப்பும் கருஞ்சிவப்புமாகக் கோடுகள் விழும்: கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட் என்ற கனிமங்கள். அந்தக் கோடுகளுக்காகவே இந்தக் கரையைப் பல காலம் தோண்டினார்கள். 2013-இல் அரசு தடை விதித்தது.

உவரியிலிருந்து உள்ளே சென்றால் இடையன்குடி. அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் 1841-இல் இந்தப் பனங்காட்டுக்கு வந்தவர், வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கேயே கழித்தார். 1856-இல் வெளியான அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் சென்னையில் பேசப்படும் அளவுக்கு இந்த ஊர் பேசப்படுவதில்லை. மூவொரு கடவுள் ஆலயம் எழும்ப முப்பது ஆண்டுகளுக்குமேல் பிடித்தது, 1880-இல் திறந்தார்கள். 1891-இல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து இந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த வீடு இப்போது அரசு நினைவில்லம். சிறியது, ஆனால் மகளுக்கு இது அவசியம். அவர் மனைவி எலைசா இந்த ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து வருமானத்துக்கு வழி செய்ததையும் விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும். கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றை அவள் முன்னதாகவே புரட்டிவிட்டு வந்தால், முதல் நாள் பார்த்த கொற்கையும் காயலும் அதில் கிடக்கும்.

நம்பியாறு கடலில் சேரும் இடத்தருகே ஆத்தங்கரைப் பள்ளிவாசல் இருக்கிறது. செய்யிதலி பாத்திமா, ஷேக் முகம்மது இருவரின் அடக்கத்தலம். எல்லா மதத்தாரும் வருவார்கள். வழியில் இருப்பதால் போகலாம். அதற்குத் தெற்கே கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று மீனவ ஊர்கள். இடையில் கூடங்குளம் அணு உலைகளின் குவிமாடங்கள் வெகுதூரத்திலிருந்தே தெரியும். இடிந்தகரை மாதா கோவில் திடலில்தான் 2011-இல் தொடங்கிய உலை எதிர்ப்புப் போராட்டத்துக்கு மக்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். வரலாற்றுச் சின்னம் என்ற பலகை அங்கே இல்லாவிட்டாலும் உங்கள் மகள் அதையும் வரலாறாகப் பார்க்கலாம். உலைப் பக்கம் கேமராவை நீட்டாதீர்கள், காவலர்கள் நிறுத்துவார்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை மார்கழி முதல் மாசி வரை சுகம். வெயில் தணிந்திருக்கும், பனங்கிழங்கும் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். ஐப்பசியில் கந்த சஷ்டிக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆடிக் காற்றில் மணல் முகத்தில் அறையும். மணப்பாட்டுக் குன்றில் நிற்கவே முடியாது.

கன்னியாகுமரிக்கு வருவோம். கூட்டப்புளியைத் தாண்டினால் குமரி மாவட்டம், அஞ்சுகிராமம் வழியாகச் சிறிது நேரத்தில் போய்விடலாம் என்பது உண்மைதான். ஆனால் மூன்றாம் நாள் பிற்பகல் அங்கே போய் விவேகானந்தர் பாறைக்குப் படகு வரிசையில் நிற்பதைவிட, ராதாபுரம் வழியாக வடக்கே திரும்பி, காற்றாலைகளுக்கு நடுவே நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் போகச் சொல்வேன். மார்கழி முதல் பங்குனி வரை அங்கே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள் வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டியிருக்கும். குளத்தில் பூநாரைகளும், இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளும் இறங்கியிருக்கும். பறவைகள் மிரளும் என்று அந்த ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வெயில் தாழ்ந்த பிறகு போய், கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறிப் பாருங்கள். பெரியவர்கள் ஏற வேண்டியதில்லை, தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே தலைக்கு மேல் கூடுகள் தெரியும். குடை மட்டும் கையில் இருக்கட்டும், எச்சம் விழும். அங்கிருந்து நாங்குநேரிக்கு வந்து நான்குவழிச் சாலையைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் திருநெல்வேலி. கன்னியாகுமரிக்கு இன்னொரு முறை தனியாக வாருங்கள்.